இரும்பும் தாய்மாரின் இரத்தமும்

கொழும்பின் வடபால், களனி கங்கையைக் கடக்கும் துறையை ஒட்டி எழுந்த பகுதி கிராண்ட்பாஸ். பெருந்துறை என்று பொருள்படும் அந்நியச் சொற்களின் திரிபே அப்பெயர் என்பர். 1822இல் அங்கே படகுப் பாலம் அமைந்தது. 1895இல் அதற்குப் பதிலாக விக்டோரியாப் பாலம் என்னும் இரும்புப் பாலம் எழுந்தது. நூற்றாண்டு திரும்பிய வேளையில் கோட்டைப் பக்கமிருந்து கிராண்ட்பாஸ் வரை இரும்புத் தண்டவாளமிட்டு டிராம் வண்டிகளை ஓடவிட்டனர். அவை 1960 வரை ஓடின. பண்டகசாலைகளும் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. இத்துணை இரும்பும் வந்து குவிந்த பகுதியிற் குடியிருந்த பெண்களின் இரத்தத்தில் இருக்க வேண்டிய சிறிதளவு இரும்பு ஏன் இல்லாமற் போயிற்று, அதனை மீட்டுக் கொடுக்க முயன்றோர் எவர், அம்முயற்சி எவ்வெவ் வழிகளாற் சென்றது என்பனவே நாம் இங்கு ஆராயப் புகுந்த விடயங்கள்.

கொழும்பின் தொழிலாளர் வரலாற்றை எழுதியோர் 1923ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தையும், 1929இல் டிராம் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தையும், 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் மூண்ட போராட்டத்தையும் விரித்துரைத்துள்ளனர். விரித்துரைக்கப்பட வேண்டியவையே அவை. ஆயினும் வேலைநிறுத்தம் செய்தவனின் வீட்டில், முடுக்கு வீடொன்றின் ஒற்றை அறையில், அடுத்தடுத்துப் பிள்ளைகளை வயிற்றிற் சுமந்தபடியே பொதுக் குழாயடியில் வாளியுடன் நின்றவளைப் பற்றி அந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை. அவளைப் பற்றிய சான்றுகள் மருத்துவ ஏடுகளிலும் சட்டப் புத்தகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுட் பல கொழும்பில் எழுதப்பட்டவையுமல்ல. பம்பாயிலும் சென்னையிலும் மலைநாட்டு லயங்களிலும் எழுந்தவை. வடகொழும்பின் தமிழ் மக்களிற் பலர் தென்னிந்தியாவிலிருந்து நேரேயும், மலைநாட்டுத் தோட்டங்கள் வழியாகவும் வந்து குடியேறியோர். எனவே அவர்களுடைய உடலின் வரலாற்றைத் தேடும் நாமும் அவ்வழிகளிலேயே நடக்க வேண்டியவர்களாகின்றோம்.

முதலில் நோயின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த பெண்ணொருத்தியின் உடலிலுள்ள இரும்பு முழுவதையும் திரட்டினாலும் ஏறத்தாழ 2 அல்லது 3 கிராமே தேறும். ஒரு சிறிய ஆணியின் நிறை. அதன் பெரும்பங்கு சிவப்பணுக்களிலுள்ள ஈமோகுளோபினில் இருந்துகொண்டு மூச்சுக் காற்றிலுள்ள ஒட்சிசனை உடலெங்கும் சுமந்து செல்கிறது. கருவுற்ற பத்து மாதத்துக்கும் சேர்த்து அவளுக்கு வேண்டிய இரும்போ ஏறத்தாழ ஒரு கிராம். அதிற் சிசுவும் நச்சுக்கொடியும் கொண்டு செல்வது 300 மில்லிகிராம் அளவு; தாயின் உடலிற் புதிதாகப் பெருகும் இரத்தத்துக்கு அதனிலும் அதிகம் வேண்டும். சாதாரண உணவிலிருந்து குடல் உறிஞ்சிக் கொள்வது நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். கருப்பத்தின் பிற்பாதியில் தேவைப்படுவது நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிகிராம். இந்த இடைவெளியை நிரப்புவது முன்னரே உடலிற் சேர்த்து வைத்த கையிருப்பு. கையிருப்பு இல்லாதவள் தன் இரத்தத்தையே கொடுக்கிறாள். சிசு தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு விடும், வெளிறிப்போவது தாய். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கண்ணிமையின் உட்புறம் வெண்மையாகிறது, நகம் குழிகிறது. குறைமாதப் பேறும் நிறை குன்றிய குழந்தையும் இதன் பின்விளைவுகள். எல்லாவற்றிலும் கொடியது பேற்றுநேரத்து இரத்தப்போக்கு. நல்ல இரத்தமுடையவள் தாங்கிக்கொள்ளும் அளவு இழப்பே சோகையுற்றவளைக் கொன்றுவிடக் கூடும். மரணச் சான்றிதழில் இரத்தப்போக்கு என்றுதான் எழுதப்படும். அதற்கு முன் எத்தனையோ மாதங்கள் அவள் அரைவயிற்றோடு இருந்தாள் என்பது எழுதப்படுவதில்லை.

இந்நோய் நம் முன்னோர் அறியாததன்று. சூல்கொண்ட மகளிர் விரும்பி உண்டாலன்றிப் பகைவர் உண்ணாத மண்ணையுடைய நாடு என்று சேர மன்னனொருவனைப் புகழ்கிறது புறநானூற்றின் 20ஆம் பாட்டு. புலவர் அரசனின் வீரத்தைச் சொல்ல வந்தவர். ஆயினும் கருவுற்ற பெண்கள் மண் தின்பது அன்றே யாவரும் அறிந்த செய்தி என்பதற்கு அவர் நமக்குச் சாட்சியாகிறார். மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்னும் இவ்வேட்கை இரும்புக் குறைவுடன் அடிக்கடி சேர்ந்து காணப்படுவதை இன்றைய மருத்துவம் கண்டிருக்கிறது. நம் சித்த வைத்தியர்கள் வெளிறும் நோயைப் பாண்டு என்றனர். அதற்கு அயச்செந்தூரமும் மண்டூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்தனர். அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட்டு எனும் இரும்பு உப்பேயன்றி வேறன்று. இன்று கிளினிக்குகளிற் கொடுக்கப்படும் இரும்பு மாத்திரைகள் பலவற்றின் சரக்கும் அதுவே. இதைக்கொண்டு எல்லாம் எம்மிடம் அன்றே இருந்தது என்று மார்தட்டுவோரோடு நாம் சேர மாட்டோம். செந்தூரமாகப் புடமிடும்போது அந்த உப்பு மாறிவிடுகிறது. எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு இரத்தம் ஊறும் என்று அளந்து பார்க்கும் வழியும் அன்று இல்லை. எனினும் வெளிறியவளுக்கு இரும்பு வேண்டும் என்ற அனுபவ அறிவு இங்கிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை இத்தகையதே. இளம் பெண்கள் வெளிறிப்போகும் நோயை 1554இல் யொகான்னஸ் லாங்கே என்ற வைத்தியர் கன்னியர் நோய் என்று விவரித்து, மணம் முடித்து வைப்பதே மருந்து என்று எழுதினார். நம் அகப்பாடல்களின் பசலை நினைவுக்கு வருகிறதல்லவா? பாட்டிற் பசலைக்கு இடமுண்டு; வைத்திய நூலில் அது வந்து புகுந்தால் நோயாளிக்கு நல்லதன்று. மணமுடித்து அடுத்த ஆண்டே கருவுற்றால் அவளுடைய சோகை இரட்டிக்கும். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில வைத்தியர் தோமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளை மதுவில் ஊறவைத்துக் கொடுத்துப் பார்த்தார். 1832இல் பிரெஞ்சு வைத்தியர் பியேர் புளோ, பெரஸ் சல்பேட்டும் பொட்டாசியம் காபனேற்றும் கலந்து குளிகை செய்தார். அக்குளிகை ஏறக்குறைய நூறாண்டுக் காலம் உலகெங்கும் விற்றது. ஆக, மருந்து 1832லேயே கையில் இருந்தது. அது கிராண்ட்பாஸ் முடுக்கில் இருந்தவளின் கைக்கு வர ஏன் அத்தனை காலம் பிடித்தது என்ற வினா வைத்திய நூலுக்குள் அடங்குவதன்று.

பம்பாய்க்குச் செல்வோம். 1928ஆம் ஆண்டு அந்நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர் மாபெரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர், ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. கிர்ணி காம்கார் சங்கம் பிறந்ததும் அப்போதே. அதே ஆண்டிற்றான் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் பம்பாய் வந்து இறங்கினார். கருவுற்ற பெண்கள், அதிலும் ஆலைத் தொழிலாளர் குடும்பப் பெண்கள், கொடிய சோகையால் மாண்டுகொண்டிருந்தனர். தாய் மரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வைத்தியர் மார்கரெட் பல்பூர் அவரை இப்பணிக்கு அழைத்திருந்தார். ஹாப்கின் ஆய்வுகூடம் அவருக்கு இடம் கொடுத்தது.

வில்ஸ் அம்மையார் செய்த வேலையை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் இப்பெண்களின் சிவப்பணு பெருத்துக் காணப்பட்டது. இரும்புக் குறைவாயின் அணு சிறுத்து வெளிறும். எனவே இது வேறொரு குறை. அவர் யார் யாருக்கு இந்நோய் வருகிறது என்று பார்த்தார். அவர்கள் என்ன உண்கின்றனர் என்று பார்த்தார். பழமும் கீரையும் பாலும் அரிதாகவே கண்ட வறிய வீடுகளில், சிறப்பாக வறிய முஸ்லிம் பெண்களிடையே, இது மிகுந்திருந்தது. எலிகளுக்கு அதே உணவைக் கொடுத்துச் சோதித்தார்; எலிப்பேன் கொண்டுவந்த வேறொரு தொற்று அச்சோதனையைக் குழப்பிற்று. குரங்குகளிடம் மீண்டும் தொடங்கினார். 1926இல் அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்ட ஈரல் வைத்தியம் அப்போது பெரும் புகழுடன் இருந்தது. ஆனால் ஈரலைத் தூய்மைப்படுத்தி எடுத்த விலையுயர்ந்த சாறு இப்பெண்களுக்குப் பயன்படவில்லை. பயன்பட்டது மார்மைட். மதுவடிசாலைகளில் மிஞ்சும் மதுவத்திலிருந்து செய்யப்படும் மலிவான பசை அது. குரங்குகள் தேறின, கருவுற்ற பெண்களும் தேறினர். 1931இல் இச்செய்தி பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. இடையிற் குன்னூரிலும், 1931இன் தொடக்கத்திற் சென்னைத் திருவல்லிக்கேணியில் மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றழைத்த பெண்கள் மருத்துவமனையிலும் அவர் பணி தொடர்ந்தது.

மார்மைட்டிலிருந்த அந்தப் பெயரறியாப் பொருளைப் பல ஆண்டுகள் வில்ஸ் காரணி என்றே குறித்தனர். 1941இல் பசளிக்கீரை இனமொன்றின் இலையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்பதற்கான இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945இல் அதனைச் செயற்கையாகச் செய்த ஆய்வுக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை அணிந்து சென்றதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதில் குறைந்த சான்றிதழோடு வெளியேறியவர் அவர். அவருடைய சகோதரர்கள் ஸ்புரூ என்னும் வயிற்று நோயால் மாண்டிருந்தனர். அந்நோயும் இந்தப் பொருளின் குறைவோடு தொடர்புடையதே. இன்று கருப்பிணிக்குக் கொடுக்கப்படும் இரும்போடு போலிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. அந்தச் சிறு மாத்திரைக்குள் பம்பாய்த் தொழிலாளிப் பெண்ணும் ஆந்திர நாட்டு இளைஞனும் இருக்கின்றனர்.

ஆனால் பம்பாயின் பாடம் மார்மைட்டோடு முடியவில்லை. வேலைநிறுத்தம் நடந்த அதே 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலச் சம்பளம் கொடுக்கும் மசோதா விவாதிக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் அதனை ஆதரித்துப் பேசினார். 1929இல் அது சட்டமாயிற்று. 1934இற் சென்னை மாகாணம் அவ்வாறே சட்டம் செய்தது. இலங்கையில் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கப் பேறுகால உதவிச் சட்டம் பிறந்தது. சோகையுற்றவள் பேற்றுக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் சம்பளத்துடன் இளைப்பாற முடியுமானால் அதுவும் ஒரு சிகிச்சை. வீட்டு வேலை, கூலிச் சில்லறை வேலை, தெருவியாபாரம் என்பவற்றாற் பிழைத்தவளை இச்சட்டங்கள் எட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடகொழும்பின் பெண்களிற் பெருந்தொகையினர் அத்தகையோரே.

இனி, இரும்பைக் குடித்தொழித்த புழுவுக்கு வருவோம். கொழுக்கிப் புழு குடற் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுவது. ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சுவது மில்லிலீற்றரிற் சிறு பங்குதான்; நூற்றுக்கணக்கில் இருந்தால் உடல் வற்றிவிடும். மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து அது உட்புகுகிறது என்பதை 1898இற் கெய்ரோவில் லூஸ் என்ற அறிஞர் கண்டறிந்தார். தேயிலைத் தோட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான புழு வேறில்லை. மழை, நிழல், வெறுங்கால், மலசலகூடமில்லாத லயம். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் புழு ஒழிப்பைத் தொடங்கியபோது சோதிக்கப்பட்ட தொழிலாளரிற் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. மண்டபம் முகாமில், கப்பலேறு முன்னரே, தொழிலாளருக்குப் பேதி மருந்து கொடுக்கும் வழக்கமும் பின்னர் வந்தது.

துரைமாரைச் சம்மதிக்க வைக்க அந்நிறுவனத்தார் கூறிய வாதம் கவனிக்கத்தக்கது. புழு நீங்கினால் தொழிலாளி அதிகம் வேலை செய்வான் என்றனர். மருந்துக்கு ஒருவாறு இசைந்த தோட்டத்துரைமார் மலசலகூடம் கட்டுவதற்குப் பணம் செலவிடத் தயங்கினர். விளைவு யாவரும் எதிர்பார்க்கக் கூடியது. புழுவை வெளியேற்றியவர் அதே மண்ணில் மறுபடி நடந்து அதே புழுவைப் பெற்றார். மேலும், அன்று கையாண்ட செனோபோடியம் எண்ணெய் நச்சுத்தன்மையுடையது. கருப்பிணிகளுக்குக் கொடுக்கத்தக்க மருந்தன்று. மிகுதியாக இரத்தம் தேவைப்பட்டவளே சிகிச்சைக்கு வெளியே நின்றாள். ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே, 1990களில், கருப்பத்தின் முதல் மூன்று மாதம் கடந்தபின் மெபெண்டசோல் கொடுக்கும் முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அதனாற் சிசுவுக்குக் கேடு மிகுவதாகத் தெரியவில்லை என்பதை நிலாந்தி டி சில்வாவும் அவருடைய தோழரும் 1999இல் லான்செட் இதழில் ஆயிரக்கணக்கான பேறுகளின் சான்றோடு நிறுவினர். உலகமும் அதனை எடுத்துப் படித்தது.

களனி கங்கையின் மேற்பகுதியில் 1934, 1935ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்ததையும் இங்கு சொல்லியாக வேண்டும். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கிய அவ்வாண்டில் மலேரியா பெருகி, சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. மலேரியா சிவப்பணுக்களை உடைக்கும் நோய். பசித்த உடலில், அதிலும் கருவுற்ற உடலில், அது வைத்த இரத்தத்தையெல்லாம் அழித்துவிடும். போர்வெற்றியின் பொப்பிப் பூவுக்கு எதிராகச் சூரியமல் பூ விற்ற இளைஞர்கள் கொயினா மருந்துடன் கிராமங்களுக்குச் சென்றனர். டொரீன் யங், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலியோர் அவ்வியக்கத்தினர். காய்ச்சலைவிடப் பட்டினியே பெரிது என்பதை அவர்கள் அங்கே கண்டனர். பருப்புக் கொண்டுபோய்க் கொடுத்தனர். மார்மைட்டை உருண்டைகளாக உருட்டிக் குளிகை போலக் கொடுத்தனர். பம்பாய் ஆலைப்பெண்ணுக்கு உயிர் கொடுத்த அதே பசை, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள், களனிப் பள்ளத்தாக்கின் உழவர் கைக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்து சேர்த்தோர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். அரசியல் வரலாறு எழுதுவோர் கட்சி தொடங்கிய நாளைக் குறிப்பர். மார்மைட் உருண்டையை அடிக்குறிப்பாக்குவர். நமக்கு இரண்டும் ஒரே கதை.

கொழும்பு நகரில் பேற்று வைத்தியத்துக்குத் தனி இடம் 1879இலேயே கிடைத்துவிட்டது. சாள்ஸ் ஹென்றி டி சொய்சா என்ற செல்வந்தர் கொடுத்த கொடையால் டி சொய்சா பேற்று மனை அவ்வாண்டு திறக்கப்பட்டது. எனினும் நெடுங்காலம் முடுக்கு வீட்டுப் பெண்கள் வீட்டிலேயே பெற்றனர். மருத்துவச்சியின் அனுபவமே துணை. பயிற்சி பெற்ற மருத்துவமாதரை வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு மெல்ல மெல்ல வளர்ந்தது. 1926இற் களுத்துறையிற் சுகாதார நிலையம் ஒன்று அமைந்து, குறித்த எல்லைக்குள் ஒவ்வொரு வீட்டையும் ஒரு மருத்துவமாது அறிந்திருக்கும் முறையைக் காட்டிற்று; அதுவே நாடெங்கும் பரவியது. மாநகரசபை எல்லைக்குள் சபையே தன் வைத்தியர்களையும் மருத்துவமாதரையும் கொண்டு கிளினிக்குகள் நடத்துகிறது. இவ்வரலாற்றில் மேரி இரத்தினம் அம்மையாரை மறத்தலாகாது. கனடாவிற் பிறந்து, தமிழரை மணந்து, கொழும்பிற் பெண்களுக்கு வைத்தியம் செய்த அவர் 1930இல் லங்கா மகிள சமிதியைத் தொடங்கினார். 1937இல் மாநகரசபைக்குத் தெரிவான முதற் பெண்ணும் அவரே. பிள்ளைக்கும் பிள்ளைக்குமிடையே இடைவெளி வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசி அவர் வாங்கிய வசை கொஞ்சமன்று. இரும்புக் கணக்குத் தெரிந்தவர்க்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும்: முந்திய பேற்றில் இழந்ததை உடல் மீட்டுக்கொள்ள மாதங்கள் பல வேண்டும்.

1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் கீழே நிற்கிறது. மலேரியா ஒழிப்பு, பென்சிலின், இரத்தமேற்றல், இலவச ஆஸ்பத்திரி, கல்வி பெற்ற பெண்கள், வீடுதேடி வரும் மருத்துவமாது எல்லாம் சேர்ந்து நிகழ்த்திய மாற்றம் இது. வறிய நாடு ஒன்றினால் இது முடியும் என்பதற்கு உலக அறிஞர் இன்றும் இலங்கையை உதாரணம் காட்டுகின்றனர். ஆனால் சாவு குறைந்த அளவுக்குச் சோகை குறையவில்லை. அண்மைய கணிப்புகளின்படியும் இந்நாட்டுக் கருப்பிணிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சோகையுற்றவர். அவ்வளவும் இரும்புக் குறைவாலானதன்று. தலசீமியா போன்ற பிறவிக் குறைகளுக்கும் பங்குண்டு. எனினும் பெரும் பங்கு இரும்புக்கே.

மருந்து கையிலிருக்க ஏன் இந்நிலை? 1968இல் உலக சுகாதார நிறுவனம், கருப்பிணிக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று வரையறுத்தது. 1954இல் தசையிற் போடும் இரும்பு ஊசி வந்தது. போட்ட இடத்திற் கரிய தழும்பு நிலைத்துவிடும். இப்போது நாளத்தில் ஏற்றும் இரும்பு மருந்துகள் அதனிலும் நல்லவை. கடுஞ்சோகைக்கும், காலம் தாழ்ந்து வந்தவளுக்கும் அவை உதவுகின்றன. மற்றெல்லோருக்கும் மாத்திரையே போதும். 1970களில் டில்லியிலும் வேலூரிலும் நடந்த ஆய்வுகளில் ஒழுங்காக இரும்பு பெற்ற கருப்பிணிகளின் ஈமோகுளோபின் உயர்ந்தது. ஆயினும் மிகத் தாழ்ந்த நிலையில் தொடங்கியோர் பலர் பேற்றுக்குள் 11ஐ எட்டவில்லை. மாத்திரையை விழுங்குவதிலும் இடருண்டு. குமட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கலாகும். வைத்திய நூல்கள் இவற்றைப் பக்கவிளைவு என்று ஒரு வரியில் முடித்துவிடும். பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடத்தின் முன், விடியுமுன் வரிசையில் நிற்கும் பெண்ணுக்கு மலச்சிக்கல் ஒரு வரியன்று. பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று மூத்தோர் சொல்வதும் சேர்ந்தால் மாத்திரை அலுமாரியிற் கிடக்கும். அவளை அறியாமை உடையவள் என்று ஏசுவோர், இரவில் உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும் என்பதைக்கூடச் சொல்லிக் கொடுத்தார்களா என்று முதலிற் கேட்டுக்கொள்ளட்டும்.

மலைநாட்டுக்கு மீண்டும் திரும்புவோம். 1979இற் பிரித்தானிய மருத்துவ இதழில் எட்கர்ட்டன், கார்ட்னர், ஒகீரா, குணவர்தன, சேனவிரத்ன ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிற் பெண்கள் நாள்தோறும் பறித்த கொழுந்தை நிறுத்தனர். ஒரு சாராருக்கு இரும்பு கொடுத்தனர். மறுசாராருக்கு வெறும் மாத்திரை. ஒரு மாதத்தில், இரும்பு பெற்று இரத்தம் ஊறியோர் அதிகக் கொழுந்து பறித்தனர். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையே இருந்தவர்களிடம் மாற்றம் மிகத் தெளிவாக இருந்தது. நாள் முழுதும் அவர்கள் நடமாடும் அளவும் கூடியது.

எவ்வளவு பயனுள்ள ஆய்வு! பல்லாண்டுகளாகச் சோம்பேறிகள் என்று கங்காணியும் துரையும் ஏசிய பெண்கள், டெசிலீற்றருக்கு 6 கிராம் ஈமோகுளோபினோடு மலைச்சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தவர்கள் என்பதை அது உலகுக்குக் காட்டிவிட்டது. பாதி இரத்தத்தோடு செய்த வேலைக்கு முழுப் பெயர் என்ன என்று நாம் கேட்கிறோம். ஆனால் அவ்வாய்விலிருந்து எடுத்துக்காட்டப்படும் முடிவு பெரும்பாலும் பொருளாதார லாபம் பற்றியது. இரும்பு கொடுத்தால் உற்பத்தி உயரும் என்பது. 1916இல் ரொக்பெல்லர் ஆட்கள் சொன்ன வாதமும் இதுவேயன்றோ? உண்மைதான், உயரும். கூடிய கொழுந்துக்கு உரிய கூலி அவளைச் சேருமா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் தாய்மார் இவர்கள் என்பதும், தோட்ட வைத்தியம் நெடுங்காலம் அரசாங்க வைத்தியத்துக்குப் புறம்பாகவே இருந்தது என்பதும் அப்பரிசோதனையில் வராதவை.

அவர்கள் பறித்த தேயிலையே மற்றொரு விதத்திலும் இக்கதையில் வருகிறது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருக்கும் இரும்பைப் பற்றிப் பிடித்துக் குடலில் உறிஞ்சவிடாது தடுக்கிறது என்பதைத் தென்னாபிரிக்க அறிஞர் 1975இற் காட்டினர். பாணும் பருப்பும், அல்லது ரொட்டியும் சம்பலும், கூடவே வெறுந்தேநீர் என்பதே வடகொழும்பின் வறிய வீட்டுக் காலையுணவு. பருப்பில் இரும்பு உண்டு. தேநீர் அதனைக் கொண்டுபோய்விடுகிறது. அதே பருப்பிற் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். மீனிலும் ஈரலிலும் உள்ள இரும்பு எல்லாவற்றிலும் நன்றாகச் சேரும். நெத்தலிக் கருவாடு கொஞ்சம் சேர்ந்தாலும் நன்மையே. முருங்கைக்கீரைக்குச் செலவில்லை என்று எழுதுவோர் முடுக்கில் முருங்கை நட எங்கே நிலம் என்பதையும் எழுத வேண்டும்.

உணவு என்றதும் விலை வந்துவிடுகிறது. 1953இற் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடே ஹர்த்தால் செய்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1973இல் சோளமும் சோயாவும் கொண்டு செய்த திரிபோஷ மா தாய்மாருக்கும் சிறுவர்க்கும் இலவசமாக வரத் தொடங்கிற்று. 2022இற் பொருளாதாரம் குலைந்தபோது, செப்டெம்பர் மாதத்திற் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. மூலப்பொருட் தட்டுப்பாட்டால் திரிபோஷ உற்பத்தியும் தடைப்பட்டது. முட்டையும் மீனும் முதலில் மறைந்தது நாட்கூலி வீடுகளின் சட்டியிலிருந்து. அவ்வீடுகளிற் கடைசியாக உண்பவள் யார் என்பது வாசகர் அறியாததன்று.

இன்று மாநகரசபைக் கிளினிக்குக்கு வரும் கருப்பிணிக்கு இரும்பும் போலிக் அமிலமும் விற்றமின் சீயும் கல்சியமும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்சிய மாத்திரையை இரும்போடு சேர்த்து விழுங்கலாகாது; ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். தேநீருக்கும் இரும்புக்குமிடையே ஓரிரு மணி நேரம் விடல் வேண்டும். முதல் வருகையில் இரத்தம் சோதிக்கப்படுகிறது. 28ஆம் வாரமளவில் மீண்டும் சோதிக்கப்படுகிறது. ஈமோகுளோபின் ஒரு கிராம் உயர்வதற்கு, மாத்திரை ஒழுங்காகச் சென்றால், மூன்று நான்கு வாரமாகும். 8 கிராமோடு எட்டாவது வாரத்திற் பதிபவளுக்குக் காலம் தாராளமாக உண்டு. வீட்டு வேலைக்குப் போகுமிடத்தில் அரைநாள் விடுமுறை கிடையாமல் 28ஆம் வாரத்தில் முதன்முதல் வருபவளுக்கு மிஞ்சியிருப்பது பன்னிரண்டு வாரம். ஒரு நாளும் மாத்திரை தவறாவிட்டால் அது மட்டுமட்டாகப் போதும்.